உப்புத் தண்ணீரில் ஓடிய மகிழுந்து

உலகில் எதற்கும் தாமதமாகப் போகலாம். பேருந்துக்குத் தாமதமானால் அடுத்தது வரும். பந்திக்குத் தாமதமானால் பாயசம் மட்டுமே தீர்ந்திருக்கும். நான் பணியாற்றிய கல்லூரியில் வகுப்புக்குத் தாமதமாகச் சென்றபோதெல்லாம் மாணவர்கள் என்னை மனமார வாழ்த்தினார்கள். ஆனால் ஒரு மணப்பெண்ணை அவளுடைய முகூர்த்தத்துக்குத் தாமதமாகக் கொண்டு சேர்க்கும் உரிமை, தாய்மாமன் உட்பட, எவருக்கும் கிடையாது. இதை நான் எந்த நூலிலும் கற்கவில்லை. எட்டயபுரத்துக்கும் எப்போதும்வென்றான் என்னும் ஊருக்கும் இடையில், வைகாசி வெயிலில், வாய் பிளந்து நின்ற ஒரு மகிழுந்தின் முன்னால் கற்றேன்.

கோவில்பட்டிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூரார்க்காக ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் தண்ணீர் இருவகைப்படும். சில நாள்களுக்கு ஒருமுறை குழாயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது நல்ல தண்ணீர். அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எந்நேரமும் வருவது உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, கழுவ அது. இந்த எல்லையை மீறுவோரை எங்கள் ஊர் மன்னிப்பதில்லை. என் மனைவி செண்பகம் பொறுமையே உருவானவள். மணமான இத்தனை ஆண்டுகளில் என்னிடம் அவள் குரலை உயர்த்திய தருணங்கள் மிகச் சில. அவை அத்தனையும் நான் மறதியாக நல்ல தண்ணீரில் கால் கழுவிய தருணங்கள்.

பணி ஓய்வு பெற்றதும் வெண்ணிற மகிழுந்து ஒன்றைப் பழையதாக வாங்கினேன். (வீட்டில் எல்லாரும் 'காரு' என்றார்கள். நான் மட்டும் மகிழுந்து என்றேன். பிற்பாடு மகிழ்ந்தவர்கள் அவர்கள்தாம்.) வாங்கிய அன்றே அதன் ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்ற கேள்வி எழுந்தது. ரேடியேட்டருக்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்று என்னிடம் உண்டு. ஆயினும் அந்த வைகாசி நாளுக்குப் பிறகு அந்தப் பொருளின் முன் நின்று புலமை காட்ட எனக்குத் துணிவில்லை. ரேடியேட்டர் என்றே எழுதுகிறேன்.

"அதுக்கும் தண்ணி ஊத்தணுமா?" என்றாள் செண்பகம், நல்ல தண்ணீர் டிரம்முக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டு.

"ஊற்றத்தான் வேண்டும். இயந்திரம் சூடாகாமல் அதுதான் காக்கிறது."

"அது என்ன, குடிக்கவா போகுது? உப்புத் தண்ணிய ஊத்துங்க."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நாக்கில்லாத பொருளுக்குச் சுவை எதற்கு? தண்ணீருக்குப் பதில் ஊற்றக் கூலண்ட் என்று பச்சை நிறத்தில் ஒன்றைக் கடையில் காட்டினார்கள். பார்ப்பதற்குச் சர்பத்தைப் போல் இருந்தது. எங்கள் ஊரில் மனிதனுக்கே சர்பத் அரிது. இரும்புக்கு எதற்கு என்று ஒதுக்கினேன். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே என் கையால் உப்புத் தண்ணீர் ஊற்றி வந்தேன். பின்புறத்தில் அவசரத்துக்கென்று ஒரு கேன் நிறைய அதே தண்ணீரை எப்போதும் வைத்திருந்தேன்.

இதில் வியப்பு என்னவென்றால், எங்கள் குளியலறை வெந்நீர்ப் பானையின் அடியில் அந்தத் தண்ணீர் வெள்ளை வெள்ளையாகக் காரை கட்டும். ஆண்டுக்கொருமுறை உட்கார்ந்து உளியால் தட்டி எடுப்பவனும் நான்தான். அதே தண்ணீர், அதே சூடு, வேறொரு பாத்திரம். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. கல்லூரியில் நான் கற்பித்த பாடம் ஒப்பிலக்கியம்.

இப்படியிருக்க, என் தங்கை மரகதத்தின் மகள் யாழினிக்குத் திருமணம் உறுதியாயிற்று. மாப்பிள்ளை வீடு எப்போதும்வென்றான், மண்டபமும் அவ்வூரிலேயே. தாய்மாமன் பட்டுச் சேலையும் மாலையும் கொண்டுவந்து, மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது எங்கள் முறை. அவளை மண்டபத்துக்கு அழைத்துச் செல்வதும் அவன் உரிமை. அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் நடந்தது. என் காலத்தில் மகிழுந்தில் நடக்க வேண்டும் என்று நான் கருதினேன். தங்கையின் கணவர் சங்கரலிங்கம் வேறுவிதமாகக் கருதினார்.

"மச்சான், வெயில் காலம். பெரிய வண்டி ஒன்னு வாடகைக்குச் சொல்லியிருக்கேன். பொண்ணு அதுல வரட்டும். நீங்க பின்னால வாங்க."

"பெண் தாய்மாமன் வண்டியில் வருவதுதான் முறை."

"முறைதான், இல்லங்கல. வண்டியும் வரணும்லா?"

இந்த வினாவுக்கு விடையாக உரிமை, பண்பாடு, உடன்பிறப்பு என்னும் மூன்று தலைப்புகளில் விரிவாகப் பேசினேன். பேச்சின் இறுதியில் எனக்கே கண் கலங்கியது.

"அப்பா, நான் மாமா கார்லயே வாரேன்" என்றாள் யாழினி. "பாருங்க, மாமாவுக்குக் கண்ணுல தண்ணி நிக்குது."

(நின்றது உண்மை. அதுவும் உப்புத் தண்ணீர்தான் என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.)

சங்கரலிங்கம் வாடகை வண்டியை வேண்டாமென்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு என்னைத் தனியே அழைத்தார். "பத்தரைக்குள்ள தாலி ஏறணும் மச்சான். பத்து மணிக்கெல்லாம் பொண்ணு அங்க இருக்கணும். மாப்பிள்ளையோட ஐயா எப்படிப்பட்டவியன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் சற்றே பிந்திப் போனபோது, வாசலில் நின்று தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பொண்ணு வீட்டுல யாரும் கடிகாரம் கட்டுறதில்லையோ?" என்று கேட்டவர் அவர். யாழினி வாழப்போகும் வீடு அது. முதல் நாளே தாமதமாக வந்தவள் என்று ஒரு பெயர் அங்கே விழுந்தால், அது அவளுடைய பேரப்பிள்ளைகள் காலம் வரை பந்திக்குப் பந்தி பரிமாறப்படும். அந்தப் பொறுப்பை முழுமையாக ஏற்று, "கவலை வேண்டாம்" என்று அவர் தோளில் தட்டினேன்.

திருமணத்தன்று உறவினர் அனைவரும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். நான் மகிழுந்தை விடியுமுன் கழுவி, செவ்வந்தி மாலை சாத்தினேன். செண்பகம் தன் பங்குக்கு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள கண்ணாடி வட்டங்களின் மீது மல்லிகைச் சரத்தை அழகாகச் சுற்றினாள். வேகம் காட்டும் முள் தெரிந்தது. வெப்பம் காட்டும் முள்ளின் மீது நான்கு விரற்கடை மல்லிகை. நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துண்டு. முன்னிருக்கையில் என் பக்கத்தில் பட்டமும் மாலையும் பட்டும் வைத்த தாம்பாளம். பின்னால் யாழினியும் செண்பகமும். மணப்பெண் வியர்க்கக் கூடாதென்று ஏசியை அதன் முழு வலிமைக்கும் திருப்பி வைத்தேன்.

எட்டயபுரம் கடக்கும்வரை வாழ்க்கை இனிதாக இருந்தது. இருபுறமும் உழுது போட்ட கரிசல், ஊடே காற்றாலைகள், எதிரே ஒழுங்கான தார்ச்சாலை. யாழினிதான் முதலில் மூக்கைச் சுளித்தாள்.

"மாமா, என்னமோ அவிக்கிற மாதிரி வாசம் வருதே."

"பக்கத்தில் யாரேனும் நெல் அவிப்பார்கள்."

"கரிசக்காட்டுல ஏது மாமா நெல்லு?"

"ஏட்டி, பேச்சுக் கொடுக்காத. மாமா ரோட்டப் பாக்கட்டும்" என்றாள் செண்பகம்.

சற்று நேரத்தில் ஏசியிலிருந்து வெந்நீர்ப் பானையைத் திறந்தாற்போல் காற்று வந்தது. வெளியே வெயில் மிகுதி என்றேன். பிறகு முன்புறத்தில் வெண்மையாக ஏதோ எழுந்து கண்ணாடியில் படர்ந்தது.

"மாமா, இது என்னது?"

"பனியாக இருக்கும்."

"வைகாசியிலயா?"

மல்லிகைச் சரத்தை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தேன். வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, இதற்குமேல் போக இடமில்லாமல், சுவரில் சாய்ந்து படுத்திருந்தது.

வண்டியை ஓரமாக நிறுத்தி முன்மூடியைத் தூக்கினேன். அறிவுள்ளவன் அரை மணி நேரம் பொறுத்திருப்பான். முகூர்த்தத்துக்குப் போகிறவனிடம் அறிவும் இல்லை, அரை மணி நேரமும் இல்லை. துண்டை மடித்துப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டுப் பின்னால் தாவினேன். என் முதல் தாவல் அது. ஐம்பது வயதுக்குப் பிறகு என்பதைச் சேர்த்துக்கொள்க. மூடி வானத்துக்குப் போயிற்று. அதன்பின் செம்பழுப்பு நிறத்தில் ஒரு நீரூற்று, கோவில்பட்டியில் எந்தக் குழாயிலும் நான் கண்டிராத வேகத்தில், பனைமர உயரம் எழுந்தது. எழுந்தது இறங்க வேண்டுமல்லவா? என்மீது இறங்கியது. வரும் வழியில் சூடு ஆறிவிட்டது, நிறம் ஆறவில்லை. துரு, சுண்ணாம்பு, இரண்டாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் என் வெள்ளைச் சட்டையில் வந்து தங்கின.

கண்ணாடியை இறக்கி யாழினி பார்த்தாள். "அத்தை, மாமாவ வந்து பாருங்களேன்" என்றவள் அதற்குமேல் பேச முடியாமல் சிரித்தாள். மணப்பெண் சிரித்தால் மை கலையும் என்று செண்பகம் அதட்டினாள். அதட்டிக்கொண்டே தானும் சிரித்தாள்.

நான் சிரிக்கும் நிலையில் இல்லை. பின்புறம் சென்று கேனை எடுத்துவந்து, கொதித்துக்கொண்டிருந்த இயந்திரத்துக்குள் குளிர்ந்த உப்புத் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினேன். உள்ளே எங்கோ 'டங்' என்று ஓர் ஓசை கேட்டது. கோயில் மணியின் ஓசைக்கு நிகரான தெளிவு.

"என்னங்க அது?"

"தாகம் தணிந்துவிட்டது" என்றேன்.

மறுபடியும் கிளப்பினேன், கிளம்பியது. என் வாழ்நாளில் அவ்வளவு பெருமிதமாக நான் ஒருபோதும் உணர்ந்ததில்லை. அந்தப் பெருமிதம் ஒரு கல் தொலைவு நீடித்தது. அதன்பின் அம்மியின் மேல் குழவியைத் தூக்கித் தூக்கிப் போடுவது போன்ற சத்தம். பின்னர் காலுக்கடியில் வேட்டு வெடித்தாற்போல் ஓர் அதிர்வு. வண்டி நின்றுவிட்டது. ஆனால் அதன் ஒரு பகுதி நிற்கவில்லை. வயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியேறிய ஓர் இரும்புத் துண்டு, கண்ணாடி வழியே நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, எங்களைவிட ஆர்வமாக எப்போதும்வென்றானை நோக்கி உருண்டு சென்று, ஓரத்து உடைமரத்தடியில் ஓய்ந்தது. வண்டிக்குக் கீழே கருநிற எண்ணெய் ஆறாக ஓடிற்று.

நான் போய் அந்தத் துண்டைத் துண்டால் சுற்றி எடுத்துவந்தேன்.

"இது முக்கியமான சாமானா மாமா?"

"உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்திருக்கிறது. முக்கியமானதாகத்தான் இருக்கும்."

மணி ஒன்பதே முக்கால். கைப்பேசியில் சங்கரலிங்கத்தை அழைத்தேன். பின்னணியில் நாதசுரம் முழங்கிற்று.

"எங்க வாறிய மச்சான்?"

"வந்துகொண்டே இருக்கிறோம்" என்றேன், சாலையோரக் கல்லில் உட்கார்ந்தபடி.

யாழினி கைப்பேசியைப் பிடுங்கினாள். "அப்பா, காரு படுத்துருச்சு. கொடலு வெளிய வந்து ரோட்டுல கெடக்கு. மாமா வெள்ளச் சட்ட போட்டுட்டு வந்தாவ. இப்பம் அது என்ன கலருன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு. வேன் திரும்பி வந்து அழைத்துப் போவதற்குள் முகூர்த்தம் கடந்துவிடும். மாப்பிள்ளை வீட்டாரின் வண்டி அருகிலேயே இருந்தது. ஆனால் தாலி ஏறுமுன் பெண் அவர்கள் வண்டியில் ஏறக்கூடாது என்று மரகதம் அழுவது நாதசுரத்தையும் மீறிக் கேட்டது. போகிற வண்டி எதிலாவது ஏறி வாருங்கள் என்று சொல்லிச் சங்கரலிங்கம் வைத்துவிட்டார். 'முன்பே சொன்னேனே' என்று அவர் கூறவில்லை. கூறியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்கு எழ மனமில்லை. ஆசையாய் வளர்த்த பெண்ணுக்கு நானே அந்தக் கெட்ட பெயரை வாங்கிக் கொடுக்கப்போகிறேன் என்பது நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது. யாழினி கழுத்து மாலையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"எந்திரிங்க மாமா. வேட்டியில இன்னும் கொஞ்சம் வெள்ள பாக்கி இருக்கு, அதையும் புழுதியாக்கிராதிய."

பிறகு அவளே சாலையின் விளிம்பில் நின்று கையை நீட்டினாள். பட்டும் நகையும் மாலையுமாக நடுக்கரிசலில் ஒரு பெண் தனியாகக் கை காட்டினால் யார் நிறுத்துவார்கள்? ஒரு பேருந்து வேகத்தைக் கூட்டிக்கொண்டு போயிற்று. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார். மூன்றாவதாக வந்தது, பின்னால் நீர் சொட்டச் சொட்ட, ஒரு நல்ல தண்ணீர் லாரி.

ஓட்டி வந்தவர் செய்யது அண்ணாச்சி. எட்டயபுரம் பக்கத்துக் கிணறுகளில் எடுத்து ஊர்களுக்கு ஊற்றுகிறவர். தலையை வெளியே நீட்டி எங்கள் மூவரையும், எண்ணெய் ஆற்றையும் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கல்யாணம் ரோட்டுலதானா?"

"எப்போதும்வென்றான் மண்டபத்துக்குப் போக வேண்டும். பத்தரைக்கு முகூர்த்தம்."

"நானும் அங்கனதான போறேன்? காலையில கிணத்துல கரண்டு இல்ல. மாப்பிள்ளையோட ஐயா போனப் போட்டு உசுர எடுக்காவ. சாம்பாருக்குத் தண்ணி இல்லையாம். ஏறுங்க தாயி. உள்ள ரெண்டு பேருக்குத்தான் எடம்."

அந்த இரண்டு பேர் யாவர் என்பதில் விவாதம் எழவில்லை. நான் தாம்பாளத்தை ஒரு கையில் ஏந்தி, பின்புற ஏணியை மறு கையால் பற்றி, தொட்டியின் மூடிக்குக் கீழே நின்றேன். பள்ளம் வரும்போதெல்லாம் மேலிருந்து ஒரு செம்பளவு நல்ல தண்ணீர் என் தலையில் விழுந்தது. (செண்பகம் பார்த்திருந்தால் ஏச்சு விழுந்திருக்கும்.) பட்டுச் சேலையை மார்போடு அணைத்து மூடிக்கொண்டேன். சட்டையில் திட்டுத்திட்டாக இருந்த துரு, நீரில் ஊறிப் பரவி, மெல்ல மெல்ல எங்கும் ஒரே சீரான நிறம் கொண்டது. வெள்ளை உடுத்திப் புறப்பட்டவன் காவி உடுத்திச் சென்று சேர்ந்தேன்.

மண்டப வாசலில் அப்படியொரு வரவேற்பை நான் எதிர்பார்க்கவில்லை. லாரியின் ஆரன் கேட்டதும் சமையற்காரர்கள் அண்டாக்களோடு ஓடிவந்தார்கள். பெண்கள் குடங்களோடு வந்தார்கள். ஏனென்று அறியாமலே மேளகாரர்களும் வந்து முழக்கினார்கள். எல்லார்க்கும் முன்னால், செருப்பில்லாத காலோடு, மாப்பிள்ளையின் தந்தை. பக்கத்தில் வெளிறிய முகத்தோடு சங்கரலிங்கம்.

"வந்துட்டியா ராசா" என்றார் மாப்பிள்ளையின் தந்தை, லாரியைப் பார்த்து.

கதவு திறந்தது. மருமகள் இறங்கினாள்.

மேளம் ஒரு கணம் தடுமாறியது. அவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி எப்போதோ கடந்திருந்தது. என் உயிர் அந்தச் சிறு முள்ளின் நுனியில் நின்றது. அப்போது அவருடைய மனைவி ஆரத்தித் தட்டோடு கூட்டத்தை விலக்கி வந்தார். லாரியைப் பார்த்தார், யாழினியைப் பார்த்தார்.

"இந்தா பாருங்க" என்றார் கணவரிடம். "காலையில இருந்து ஒரு லோடு தண்ணிக்கு நீங்க நாய் படாத பாடு படுதிய. என் மருமக வரும்போதே கையோட கூட்டிட்டு வந்திருக்கா."

கூட்டம் குலவையிட்டது. மாப்பிள்ளையின் தந்தை என்ன செய்வார்? பெண் தாமதம் என்றால் அவருடைய சாம்பாரும் தாமதம். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த மேளம் மணப்பெண்ணுக்கு முழங்கியதா, தண்ணீருக்கு முழங்கியதா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஏணியிலிருந்து நான் இறங்கியபோது ஒரு முதியவர் சங்கரலிங்கத்திடம் கேட்டது காதில் விழுந்தது. "பொண்ணோட மாமா துறவறம் வாங்கிட்டாவளோ?"

"இல்ல பெரியவரே" என்றார் சங்கரலிங்கம். "ரேடியேட்டரத் தொறந்துட்டாவ."

காவிக் கோலத்தோடே யாழினியின் நெற்றியில் பட்டம் கட்டினேன். பத்தரைக்குள் தாலி ஏறியது. திருமண ஆல்பத்தில் அந்தப் படம் பெரிதாக இருக்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால், ஏதோ மடத்திலிருந்து வந்து ஆசி வழங்குகிறார் என்றே நினைப்பார்கள்.

மகிழுந்தைக் கட்டி இழுத்துப் போய்ப் பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே எங்கள் வெந்நீர்ப் பானையின் அடிப்பகுதி முழுமையாகக் குடியிருந்தது. இயந்திரத்தைப் பிழைக்கவைக்க வழியில்லை. பழைய இரும்புக்குப் போயிற்று. யார் குற்றம் என்ற வழக்கு மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

"உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னவள் நீ" என்பேன் நான்.

"நான் சொல்லி நீங்க எதையாவது கேட்டதுண்டா? அத ஒன்ன மட்டும் எதுக்குக் கேட்டிய?" என்பாள் செண்பகம்.

உருண்டு போன அந்த இரும்புத் துண்டு, துலக்கி எண்ணெய் பூசப்பட்டு, யாழினி வீட்டுக் கண்ணாடி அலமாரியில் திருமணப் படத்தின் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம், "இது எங்க மாமா சீரா குடுத்தது" என்று எடுத்துக் காட்டுகிறாள். தாமதமாக வந்தவள் என்ற பெயர் அவளுக்கு விழவே இல்லை. நல்ல தண்ணீரோடு வந்தவள் என்பதுதான் அவ்வூரில் அவள் பெயர்.

சென்ற ஆண்டு அவளுடைய நாத்தனாருக்குக் கயத்தாற்றில் திருமணம். மணப்பெண் எந்த வண்டியில் போவது என்ற பேச்சு வந்ததும், மாமியார் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: செய்யது அண்ணாச்சியின் லாரி. மாலை சாத்திய லாரி, தொட்டி நிறைய நல்ல தண்ணீரோடு முன்னால் போயிற்று. மணப்பெண்ணும் யாழினியும் அதில் ஏறினார்கள். பின்னால் என் புதிய மகிழுந்து. கூலண்ட் ஊற்றியிருக்கிறேன், அதுவும் உயர்தரப் பச்சை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், ஏறுவார் யாருமில்லை. செண்பகமும் இடித்துப் பிடித்து லாரிக்குள் உட்கார்ந்துவிட்டாள். ஆயினும் கல் நெஞ்சக்காரி அல்லள். புறப்படுமுன் இறங்கி வந்து, என் பின்னிருக்கையில் இரண்டு குடம் நல்ல தண்ணீரை வைத்து, இரண்டுக்கும் பெல்ட் மாட்டிவிட்டுப் போனாள்.